தாம்பூலப் பையில் போன பாட்டு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்றரை மணிக்கு வந்தனாவின் போன் திரையில் நான்கு என்ற எண் அசையாமல் உட்கார்ந்திருந்தது. காலையில் பல் தேய்க்கும்போது பார்த்தாள், நான்கு. குளித்துவிட்டு வந்து பார்த்தாள், நான்கு. சாம்பார் சாதத்தில் அப்பளத்தை நொறுக்கியபடி இடது கையால் திரையைக் கீழே இழுத்து இழுத்து விட்டாள். நான்குக்குச் சலிப்பே இல்லை. மாலை ஆறு மணிக்குள் அது எழுபத்தைந்தாக வேண்டும்.

எதை எண்ணுகிற எண் அது என்று சொல்லிவிட வேண்டும். வந்தனா மும்பை நாரிமன் பாயிண்டில் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். மாலைகளில் பாட்டு எழுதி, தானே மெட்டுப் போட்டு, மாட்டுங்கா வீட்டின் பின்னறையில் மெத்தையைச் சுவரில் சாத்தி வைத்துப் பாடிப் பதிவு செய்வாள். அப்படி ஆறு பாட்டுகள் சேர்ந்து ஓர் ஆல்பம் ஆயிற்று. பெயர் ‘மூணு விசில்’. அதைப் பாட்டுச்சந்தை என்ற இணையக் கடையில் விற்பனைக்கு வைத்திருந்தாள்.

இப்போது பெரும்பாலானவர்கள் பாட்டை வாடகைக்குத்தான் கேட்கிறார்கள். மாதச் சந்தா நின்றால் பாட்டும் நின்றுபோகும். பாட்டுச்சந்தையில் அப்படியில்லை. ஒருமுறை வாங்கினால் பாட்டு உங்கள் போனுக்குள் இறங்கி உங்களுடையதாகவே தங்கிவிடும். சிக்னல் இல்லாத சுரங்கப் பாதையிலும் பாடும். இன்னொருவருக்குப் பரிசாகக் கொடுக்க விரும்பினால் அதற்கும் அங்கே வழி உண்டு. முன்கூட்டியே பணம் கட்டிவிட்டால் சீட்டுக்கட்டு அளவில் கெட்டியான பிளாஸ்டிக் கார்டுகள் அனுப்புவார்கள். கார்டின் முன்பக்கம் ஆல்பத்தின் படம், பின்பக்கம் ஒரு வெள்ளிப் பட்டை. அதைச் சுரண்டினால் பன்னிரண்டு எழுத்துகள் தெரியும். அவற்றைக் கடையின் பக்கத்தில் அடித்தால் பாட்டு இறங்கும்.

அந்தப் பட்டை வந்தனாவுக்கு மிகவும் பிடிக்கும். முதலில் எழுத்துகளை அச்சடிக்கிறார்கள். அதன்மேல் கண்ணாடி போன்ற வார்னிஷ் ஒரு பூச்சு. அதற்கும் மேல்தான் ரப்பர் கலந்த வெள்ளி மை. ரப்பர் இருப்பதால் நகம் பட்டதும் சுருள் சுருளாக உரியும், வார்னிஷ் இருப்பதால் எழுத்துக்குக் கீறல்கூட விழாது. எழுத்துகளிலும் ஒரு நேர்த்தி உண்டு. சைபரும் ஓவும் ஒன்றுபோல் தெரியும் என்று இரண்டையுமே விட்டுவிட்டார்கள். ஒன்றும் ஐயும் கிடையாது. கடைசி எழுத்து, முன்னால் உள்ள பதினொன்றையும் கணக்குப் போட்டு வருகிற காவல் எழுத்து. நீங்கள் ஓர் எழுத்தைத் தப்பாக அடித்தால் அந்தக் கணக்கு உதைக்கும், கடை உடனே ‘தப்பு’ என்று சொல்லிவிடும்.

இதில் ஒரே ஒரு சங்கடம். கார்டுக்குப் பணம் கட்டியவுடன் விற்பனை ஆனதாகக் கடை எண்ணாது. யாராவது சுரண்டி, எழுத்துகளை அடித்து, பாட்டை இறக்கினால்தான் ஒன்று கூடும். ஓர் ஆளின் போன் நம்பருக்கு ஒரு கார்டுதான். வந்தனாவே உட்கார்ந்து எல்லாவற்றையும் சுரண்டித் தள்ள முடியாது. பாட்டுச்சந்தைக்காரர்கள் டிசம்பரில் பாந்த்ராவில் ஒரு திறந்தவெளி மேடை போடுகிறார்கள். இந்த ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் பரிசுக் கார்டு வழியாக எழுபத்தைந்து முறை இறங்கிய ஆல்பத்துக்கு அந்த மேடையில் நாற்பது நிமிஷம். நாற்பது நிமிஷம், நிஜமான ஒலிபெருக்கி, எதிரே முன்பின் தெரியாத ஜனங்கள்! வந்தனா இதுவரை பாடியதெல்லாம் அந்த மெத்தைக்குத்தான்.

நூறு கார்டு வாங்கினாள். நவராத்திரிக்கு வீட்டில் கொலு. ஒன்பது நாளும் ஆட்கள் வருவார்கள். தாம்பூலப் பையில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், ரவிக்கைத் துணியோடு ஒரு கார்டையும் போட்டுவிடு என்று அம்மா நாகலக்ஷ்மியிடம் சொன்னாள். அம்மா முதல் கார்டுக்கு மஞ்சளும் குங்குமமும் இட்டுச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். மற்ற தொண்ணூற்றொன்பதையும் ஒன்றுவிடாமல் பைகளில் போட்டுக் கொடுத்தாள். கொலு முடிந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. இதுவரை பாட்டை இறக்கியவர்கள் ஆபீஸ் சிநேகிதர்கள் மூன்று பேர், மாடியில் குடியிருக்கும் கல்லூரிப் பெண் ஒருத்தி. ஆக நான்கு.

வந்தனா தட்டைக் கழுவி வைத்துவிட்டு எதிர் வீட்டுக் கதவைத் தட்டினாள். ருக்கு மாமி கதவைத் திறந்தாள்.

“மாமி, கொலுவுக்கு வந்தப்போ அம்மா ஒரு கார்டு குடுத்தாளே, சுரண்டினேளா?”

“எந்தக் கார்டு? குக்கர் கம்பெனி கார்டா?”

“குக்கர் கம்பெனியா!”

“அதுல குக்கர் படம் போட்டிருந்ததே. தள்ளுபடிக் கார்டாக்கும்னு நெனச்சேன். நேக்குதான் ரெண்டு குக்கர் இருக்கே, மூணாவது எதுக்கு? நவமி அன்னிக்கு அம்மிணி வந்தா. அவளுக்கு வெச்சுக் குடுத்துட்டேன்.”

“ரவிக்கைத் துணியோடவா?”

“பையோடவே குடுத்தேன். அதுக்கென்னடி இப்போ?”

அந்த நொடியில் வந்தனாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

மாட்டுங்காவில் தாம்பூல ரவிக்கைத் துணி தைப்பதற்கானது அல்ல. ஒரு வீட்டில் வாங்கியது பீரோவுக்குள் போகும். அடுத்த விசேஷத்தில் பீரோவிலிருந்து இன்னொருத்திக்குப் போகும். அவள் அதைச் செம்பூருக்குக் கொண்டுபோவாள், செம்பூரிலிருந்து அது திலக் நகருக்குப் போகும். எந்தத் தையல்காரரும் அதைப் பார்த்ததில்லை. மூன்று வருஷத்துக்கு முன் நாகலக்ஷ்மி யாருக்கோ கொடுத்த கிளிப்பச்சைத் துணி ஒன்று, ஓரத்தில் இருந்த அதே மஞ்சள் கறையோடு, போன வருஷம் அவளிடமே திரும்பி வந்தது. இதில் யாருக்கும் வருத்தமில்லை. கை மாறுவதுதான் அந்தத் துணியின் வேலை. வந்தனா தன் கார்டுகளையும் அந்தத் துணியோடு சேர்த்துப் பையில் போட்டு, போய் வா என்று அனுப்பியிருக்கிறாள்!

திலக் நகரில் இருக்கும் அம்மிணி மாமிக்குப் போன் போட்டாள்.

“அந்தக் கார்டா? ஏழெட்டு வந்ததேடி, ஆத்துக்கு ஆத்து அதையேன்னா குடுத்தா. ஒண்ணை மட்டும் நான் எடுத்து வெச்சிண்டேன். ரொம்ப உபயோகம்.”

“இறங்கித்தா மாமி?”

“இறங்கறதாவது? சப்பாத்தி மாவு மேடையில ஒட்டிண்டா அதால வழிக்கறேன். நன்னா வழவழன்னு வரது. பின்னாலே என்னமோ வெள்ளியா இருந்தது, அது மாவோட போயிடுத்து.”

“அதுக்குக் கீழே எழுத்து இருந்திருக்குமே?”

“இருந்தது, இருந்தது. விம் போட்டுத் தேய்ச்சேன், போகவே இல்லை. அப்புறம் கம்பி நார் போட்டேன்.”

வார்னிஷ் விம்முக்குத் தாங்கியிருக்கிறது என்று கேட்டு வந்தனாவுக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. “மத்ததெல்லாம் எங்கே மாமி?”

“உங்காத்துப் பாத்திரக்காரி பேராச்சி இருக்காளே, அவ தங்கை எங்காத்திலே வேலை பண்றா. வீட்டில வளைகாப்பு, பைக்குப் போட சாமான் இருந்தா குடுங்கோன்னு கேட்டா. ரவிக்கைத் துணி, கார்டு எல்லாத்தையும் கட்டிக் குடுத்துட்டேன். எல்லாராத்திலேயும் அப்படித்தான் குடுத்திருக்கா.”

பேராச்சி! மாட்டுங்காவில் ஐந்து வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவள், இந்த வீடு உட்பட. அவள் மகள் விஜயராணிக்கு வளைகாப்பு. எப்போது? இன்றைக்கு! அழைத்திருந்தாளே. முழங்கால் வலி, வர முடியாது என்று அம்மா புடவையையும் பழத்தையும் நேற்றே கொடுத்தனுப்பிவிட்டாள். வந்தனா தலையில் அடித்துக்கொண்டாள். வளைகாப்பு முடிந்து விருந்தாளிகள் கிளம்பும்போது ஆளுக்கொரு பை கொடுப்பார்கள். அந்தப் பைகள் கல்யாணுக்கும் உல்லாஸ்நகருக்கும் போகும், சில நேரே திருநெல்வேலிக்கே ரயிலேறும். அப்புறம் ஆறு மணி என்ன, ஆறு மாதம் ஆனாலும் பிடிக்க முடியாது.

கையில் கிடைத்த துப்பட்டாவை மாட்டிக்கொண்டு ஓடினாள். டாக்சிக்காரர் தாராவி என்றதும் முகத்தைச் சுளித்தார். “அங்கிள், ஜல்தி, ஒரு கர்ப்பிணி விஷயம்” என்று ஹிந்தியில் சொன்னாள். அது பொய்யும் இல்லை. அவர் சயான் சிக்னலைப் பொருட்படுத்தவே இல்லை.

தொண்ணூறடி ரோட்டிலிருந்து பிரியும் சந்துக்குள், இரண்டு வரிசை வீடுகளுக்கு நடுவே மஞ்சள் ஷாமியானா கட்டியிருந்தது. உள்ளே எழுபது எண்பது பேர். புளிசாதமும் தேங்காய்ச்சாதமும் மணத்தன. நடுவே நாற்காலியில் விஜயராணி, முழங்கை வரை வளையல், கன்னத்தில் சந்தனம், கையில் போன். ஓரத்தில் ஒரு பெஞ்சின்மேல் மஞ்சள் பைகள் வரிசை வரிசையாக நின்றன. மணி நாலரை.

“ஏ, எங்க வந்தனா பாப்பா வந்திருச்சு!” பேராச்சி கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தாள். “மேடம் வரலன்னு எனக்கு மனசே ஆறல. நீ வந்துட்டல்லா!”

“அக்கா, அந்தப் பையில...”

“பை எங்கயும் ஓடிறாது. முதல்ல பிள்ளைக்குச் சந்தனம் பூசு. வளையல் போடு. சாப்பிடு. அப்புறம் பேசலாம்.”

வளைகாப்பு வீட்டுக்குள் நுழைந்துவிட்டு அவசரம் என்று சொல்ல முடியாது. வந்தனா சந்தனம் பூசினாள், குங்குமம் வைத்தாள், சிவப்பில் ஒன்று பச்சையில் ஒன்று வளையல் போட்டாள். விஜயராணி மெல்லக் குனிந்து, “என்னக்கா, மூஞ்சில டென்ஷன்?” என்றாள். விஜயராணி கூரியர் ஆபீஸில் ஊர்வாரியாகப் பார்சல் பிரிக்கிறவள். எந்தப் பை எங்கே போகப் போகிறது என்பதில் அவளுக்குப் பழக்கம் உண்டு. வந்தனா வளையலை ஏற்றியபடியே எல்லாவற்றையும் மூன்று வாக்கியத்தில் சொல்லி முடித்தாள்.

விஜயராணி சிரித்ததில் வளையலெல்லாம் குலுங்கின. “எம்மா! இங்க வா. அந்த குக்கர் கார்டு, அது வந்தனாக்கா பாட்டாம்.”

“பாட்டா? அதுக்குள்ளயா?” பேராச்சி ஒரு பையைத் திறந்து கார்டை எடுத்து முன்னும் பின்னும் திருப்பினாள். “நான் குக்கர் கம்பெனிக்காரன் விளம்பரம்னுல்லா நெனச்சேன். பாக்கப் பளபளன்னு இருக்கு, பையில போட்டா ஒரு கெத்தா இருக்கும்னு போட்டேன். எழுபத்தோரு பை போட்டிருக்கேன் பாப்பா.”

எழுபத்தொன்று! நான்கும் எழுபத்தொன்றும் எழுபத்தைந்து. கச்சிதமாக எழுபத்தைந்து. வந்தனா பெஞ்சைப் பார்த்தாள். “அக்கா, கார்டையெல்லாம் திருப்பி...”

பேராச்சி முகம் மாறிற்று. “பையில வச்சதைத் திரும்ப எடுக்கப்பிடாது பாப்பா. வயித்துப்பிள்ளைக்காரி வீடு.”

“எடுக்கவே வேண்டாம். பையை எல்லாருக்கும் இப்பவே குடுத்துருங்க. அவங்கவங்களே அவங்கவங்க போன்ல இறக்கிக்கட்டும். அதான் எனக்கும் வேணும்.”

பைகள் கை மாறின. விஜயராணியின் அப்பா சுடலைக்கண்ணன் ஒரு நாற்காலியில் ஏறி நின்று, அரை மைல் கேட்கும் குரலில், “எல்லாரும் கேளுங்க! நம்ம மாட்டுங்கா பாப்பா ஒரு விசயம் சொல்லுது” என்றார். வந்தனா சொல்லத் தொடங்கினாள். வெள்ளிப் பட்டையைச் சுரண்டணும். எழுத்தை அடிக்கணும். உங்க நம்பரைப் போடணும். அப்புறம் ஒரு ஓடிபி வரும்...

அவ்வளவுதான். கூட்டம் முழுவதும் போனை மார்போடு அணைத்துக்கொண்டது.

“ஓடிபியா!” சுடலைக்கண்ணனே நாற்காலியிலிருந்து குதித்தார். “யாரும் குடுக்காதீங்க! பேங்க்ல படிச்சுப் படிச்சுச் சொல்லுதான். எங்க பட்டறையில ஒருத்தன் ஓடிபி குடுத்துட்டு இன்னைக்கு வரைக்கும் அழுதுக்கிட்டு இருக்கான்!”

“என்கிட்ட குடுக்க வேண்டாம் அண்ணே. யார்கிட்டயும் குடுக்காதீங்க. உங்க போனுக்கு வரும், நீங்களே உங்க போன்ல போட்டுக்கணும். வந்த நம்பர் உங்க கையை விட்டு எங்கயும் போகாது. இந்தப் போன் நிஜமாவே உங்களோடதுதானான்னு கடைக்காரன் கேக்கறான், அவ்வளவுதான்.”

“அப்படித்தான் எல்லாவனும் சொல்லுவான்” என்றது ஒரு குரல்.

விஜயராணி நாற்காலியிலிருந்தபடியே ஒரு கார்டை வாங்கினாள். கொண்டையிலிருந்து ஊசியை உருவிச் சுரண்டினாள். வெள்ளி சுருள் சுருளாக மடியில் உதிர்ந்தது. எழுத்துகளை அடித்தாள், ஓடிபியைப் போட்டாள். திரையில் ஒரு நீலக்கோடு நீண்டு நீண்டு நிறைந்தது. வந்தனாவின் போனில் நான்கு ஐந்தாயிற்று. விஜயராணி ஒலியை முழுவதும் ஏற்றி, முதல் பாட்டை ஒலிக்க விட்டாள்.

அந்தப் பாட்டு ஒரு குக்கர் விசிலில் ஆரம்பிக்கும். நிஜ விசில். வந்தனா சமையலறையில் மைக்கை நீட்டிப் பிடித்துப் பதிவு செய்தது.

“யாரு அது, குக்கரை எறக்குங்க!” என்று ஷாமியானாவின் மறு மூலையிலிருந்து யாரோ கத்தினார்கள். சமையல் பகுதியில் நின்ற பெண் ஒருத்தி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். அங்கே குக்கரே இல்லை, எல்லாம் அண்டாதான். அவள் திருதிருவென்று விழித்துக்கொண்டு திரும்பி வந்ததைப் பார்த்து மொத்தக் கூட்டமும் சிரித்தது. அதே நேரம் விஜயராணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “ஐயோ, உதைக்குது! விசிலுக்கு உதைக்குது!” என்று கூவினாள்.

வளையல் சத்தத்தை வயிற்றுப் பிள்ளை கேட்கும் என்றுதான் வளையலே போடுகிறார்கள். அதற்குமேல் ஓடிபி பற்றி யார் யோசிப்பார்கள்? பேராச்சி கண் கலங்க, “பிள்ளைக்குப் பிடிச்சிருக்கு! எல்லாரும் போடுங்க! எல்லா போன்லயும் போடுங்க!” என்று ஆணையிட்டாள்.

அப்புறம் நடந்ததை வந்தனா வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள். சாவியால் சுரண்டினார்கள், சில்லறையால் சுரண்டினார்கள், ஓர் அக்கா காலை மடக்கி உட்கார்ந்து மெட்டியால் சுரண்டினாள். தமிழ் படிக்கத் தெரியாத இளசுகள் ஆங்கில எழுத்துகளைப் பெரியவர்களுக்குச் சத்தமாகப் படித்துச் சொன்னார்கள். நாற்காலியில் அமர்ந்தபடி விஜயராணி கூரியர் ஆபீஸ் போலவே ஒழுங்கு செய்தாள். “சுரண்டினவங்க இந்தப் பக்கம், ஓடிபிக்குக் காத்திருக்கவங்க அந்தப் பக்கம்! சித்தி, உனக்கு ரெண்டு சிம் இருக்குல்லா? அப்ப ரெண்டு கார்டு போடலாம், போனில்லாத ஆச்சி பங்கையும் நீ போடு!”

எண் பதினெட்டு ஆயிற்று. முப்பத்தொன்று. ஒரே சந்தில் ஐம்பது போன்கள் ஒரே சமயத்தில் இழுத்ததில் சிக்னல் திணறி, நீலக்கோடுகள் பாதியில் நின்றன. பாதிப் பேரைச் சுடலைக்கண்ணன் மெயின் ரோட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார். அங்கே வேறு கோபுரம், வேறு சிக்னல். நாற்பத்தாறு, ஐம்பத்தெட்டு. ரோட்டிலிருந்து விசில், சந்துக்குள்ளிருந்து விசில், ஒன்றுக்கொன்று அரை விநாடி முன்பின்னாக. வந்தனா தன் பாட்டைத் தானே இதுவரை கேட்காத மாதிரி கேட்டாள். அறுபத்தேழு. எழுபத்திரண்டு. எழுபத்துமூன்று. எழுபத்துநான்கு.

எழுபத்துநான்கு.

மணி ஐந்து நாற்பத்தொன்று. எண் நகரவில்லை. விஜயராணி பையை எண்ணினாள். எழுபது பைதான் இருந்தது.

“நயினார் மச்சான்!” பேராச்சி வாயில் கை வைத்தாள். “இன்னைக்கு மெகா பிளாக், லைன்ல ரிப்பேர் வேலை, வண்டி ஒழுங்கா ஓடாதுன்னு மூணு மணிக்கே உல்லாஸ்நகருக்குக் கெளம்பிட்டாவ. அவங்க கையில அப்பவே ஒரு பை குடுத்தேன்.”

சுடலைக்கண்ணன் தன் அண்ணன் நயினாருக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார். ரயில் சத்தத்துக்கு நடுவே குரல் வந்தது. “ஆங், சொல்லுல. வண்டி தாணாவுலயே அரை மணி நேரமா நிக்கி.”

“அண்ணே, பையில ஒரு கார்டு இருக்கும். அதைச் சுரண்டி, பக்கத்துல யாரையாவது படிக்கச் சொல்லுங்க. ஜல்தி!”

“பையா? எதுத்தாப்புல ஒரு பிள்ளைத்தாச்சிப் பொண்ணு ஒக்காந்திருந்துச்சு. வளைகாப்புப் பை, அதுகிட்ட இருந்தா நல்லதுன்னு குடுத்துட்டேன். அது முலுண்ட்லயே எறங்கிருச்சே.”

ஷாமியானா முழுக்க ஒரு பெருமூச்சு. கார்டு அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. வந்தனாவுக்கு அழுகை வரவில்லை, சிரிப்புதான் பொங்கிக்கொண்டு வந்தது. அந்தச் சிரிப்பின் நடுவே மஞ்சளும் குங்குமமும் இட்ட ஒரு கார்டு அவள் கண் முன்னால் வந்து நின்றது. கை மாறாத கார்டு ஒன்று உண்டு! வீட்டுக்குப் போன் போட்டாள்.

“அம்மா! பூஜை அறையில முதல் கார்டு வெச்சியே, இருக்கா?”

“இருக்கே” என்றாள் நாகலக்ஷ்மி. “நீ எங்கேடி போனே, சொல்லாம கொள்ளாம? என்ன அது சத்தம்?”

“அப்புறம் சொல்றேன். அதை எடுத்துப் பின்னாலே இருக்கிற வெள்ளியைச் சுரண்டு.”

“ஸ்வாமிக்கு வெச்சதையா? அது ஸ்வாமியோட பங்குடி.”

“ஸ்வாமிக்குப் போன் நம்பர் இல்லையேம்மா!”

வந்தனா எழுபது பேரையும் பார்த்தாள், எழுபது பேரும் அவள் போனைப் பார்த்தார்கள். நாகலக்ஷ்மி யோசிக்கிற விதம் வந்தனாவுக்குத் தெரியும். அவசரப்படுத்தினால் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

“நைவேத்யம் பண்ணினா அப்புறம் நாமதானே சாப்பிடறோம்” என்றாள் நாகலக்ஷ்மி கடைசியில், தனக்குத்தானே. “இரு. கண்ணாடியைப் போட்டுக்கறேன்.”

கரகரவென்று சுரண்டும் சத்தம் கேட்டது. நாகலக்ஷ்மி எழுத்துகளை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே சத்தமாகச் சொன்னாள். பதினொன்றாவதில் நின்றாள். “குங்குமம் ஒட்டிண்டிருக்குடி. எட்டா பீயான்னு தெரியலை. எட்டு போட்டுட்டேன். என்னமோ தப்புங்கறது.”

காவல் எழுத்தே, நீ வாழ்க! “அப்போ பீ போடும்மா!”

“ஒத்துண்டுடுத்து. இப்போ ஓடிபி வருமாம். நீ போனை வை, நீ பேசிண்டிருந்தா நான் எப்படிப் பாக்கறது?”

வந்தனா போனை வைத்தாள். ஐந்து ஐம்பத்தாறு. வைத்த போனின் திரையில் எழுபத்துநான்கு. மெட்டி அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். ஐந்து ஐம்பத்தேழு. பேராச்சி வந்தனாவின் கையைப் பிடித்த பிடியில், இரண்டு வளையல் உடைந்தாலும் ஆச்சரியமில்லை. ஐந்து ஐம்பத்தெட்டு. திரை ஒரு முறை சிமிட்டியது.

எழுபத்தைந்து.

தாராவியில் கோலாட்டத்துக்கும் கிரிக்கெட்டுக்கும்கூட அப்படி ஒரு சத்தம் எழுந்திருக்காது. சுடலைக்கண்ணன் நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கினார். எழுபது போன்களிலும் மறுபடி விசில் அடித்தது. பக்கத்துச் சந்திலிருந்து ஒரு மராட்டிப் பெண்மணி ஜன்னலைத் திறந்து, யார் வீட்டுக் குக்கர் என்று திட்டினாள். விஜயராணி வயிற்றைத் தட்டி, “போதும்டா, நீ ஆடாதே” என்றாள்.

வந்தனாவின் போன் அடித்தது. அம்மா.

“இறங்கிடுத்துடி. கேட்டேன்.” ஆல்பம் வெளிவந்து ஐந்து மாதத்தில் நாகலக்ஷ்மி அதைக் கேட்பது இதுதான் முதல் தடவை. வந்தனா சந்தின் ஓரத்துக்குப் போய் ஒரு காதைப் பொத்திக்கொண்டாள். “முதல் விசில் டக்குனு நிக்கறது. ரெண்டாவதும் சரி. மூணாவது மட்டும் இழுத்துண்டே போய்க் கீழே இறங்கறது. அது நம்மாத்துக் குக்கர்தானே?”

“ஆமாம்மா.”

குக்கர் மூடியின் ரப்பர் வளையம் தளர்ந்துபோனால் ஆவி ஓரத்திலும் கசியும். மூன்றாவது விசிலுக்குள் அழுத்தம் மெல்ல மெல்ல இறங்கும், சத்தமும் கூடவே வழுக்கி இறங்கும். அந்த இறக்கத்தின் மேல்தான் வந்தனா முழுப்பாட்டையும் கட்டியிருந்தாள்.

“நெனச்சேன். நம்ம குக்கர் குரல் நேக்குத் தெரியாதா? நன்னாப் பாடறது.” சற்று நிறுத்தி, “நீயும்தான்” என்றாள். “அந்த ரப்பரை மாத்தணும், மாத்தணும்னு நானும் ஒரு வருஷமா சொல்லிண்டிருக்கேன். நாளைக்குக் கடைக்குப் போறப்போ...”

“அம்மா, மாத்திடாதே!” வந்தனா கத்திய கத்தலில் சந்தே திரும்பிப் பார்த்தது. “டிசம்பர் வரைக்கும் அதைத் தொடவே தொடாதே. பாந்த்ரா மேடைக்கு நான் போறப்போ அதுவும் என்னோட வரது.”